கண்ணாடிக்கு வெளியே ஒரு ஈ

என் மனைவி காரில் பின் இருக்கையில்தான் உட்காருவாள். போன வருஷம் சாரல் காலத்திலிருந்து ஒரு வருஷத்துக்கு அப்படித்தான். முன் இருக்கையில் என் குடை, கடைச்சாவி, தண்ணீர் பாட்டில், சில நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் சொகுசாக உட்கார்ந்து வரும். அவள் பின்னால் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

தென்காசியில் எங்கள் தெருக்காரர்களுக்கு, எந்தக் காரில் யார் எங்கே உட்கார்ந்து போகிறார்கள் என்று கவனிக்கிற அளவுக்கு நேரம் உண்டு. என் கடைக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர் என்னைவிட வயதில் இளையவர், வாய் மட்டும் மூத்தது. ஒருநாள் நடுத்தெருவில் வண்டியை மறித்து, “என்ன அண்ணாச்சி, மதினிகிட்ட டிரைவர் வேலைக்குச் சேந்துட்டீங்களா?” என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய? பின்னால் அவளும் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அது ஜவுளிக்கடைக்காரருக்காகச் சிரித்த சிரிப்பு. எனக்கு அதில் பங்கு இல்லை.

காரணம் ஒரு ஈ. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை இது. மற்றவர்கள் கண்ணும் காதும் மூக்கும் வைத்துச் சொல்வதற்கு, உள்ளதை உள்ளபடி நானே சொல்லிவிடுகிறேன்.

சாரல் பிடித்து, அருவிகளில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையத்திலிருந்து என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, அவன் காரில் குடும்பத்தோடு வந்திருந்தான். எல்லாருமாக ஐந்தருவியில் குளித்துவிட்டு, வண்டிகளை நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தோம். மச்சினன் பிள்ளைகள் ரம்புட்டான் உரித்துத் தின்று தோலை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். சாலையோரத்துச் செடிகள் நன்றாகப் பூத்திருந்தன. அவள் ஈரத்தலையை விரித்துவிட்டு அந்தப் பூக்களுக்குப் பக்கத்தில் வெயிலுக்காக நின்றாள்.

என் காதோரத்தில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம்.

குற்றாலத்துப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே பாறை இடுக்குகளில் மலைத்தேனீ பெரிய பெரிய அடையாகத் தொங்கும். அது கலைந்தால் குளிக்கிறவன் துண்டைக்கூடத் தேடமாட்டான். ‘தேனீ கலைஞ்சுட்டு’ என்று ஒருவன் சொன்னால் போதும், அருவிக்கரையே காலியாகிவிடும். நான் திரும்பிப் பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாக ஒன்று, என் மூக்குக்கு நேரே, அந்தரத்தில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது.

“தேனீ கலைஞ்சுட்டு, ஓடுங்கலே” என்று கத்தினேன். அப்படிக் கத்துகிறவன் மற்றவர்கள் ஓடுகிறார்களா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டாமா? நான் பார்க்கவில்லை. காலில் கிடந்த செருப்பு எங்கே போயிற்று என்றுகூடத் தெரியாமல் ஓடி, காருக்குள் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றி, பூட்டும் போட்டுவிட்டேன். உள்ளே நான் ஒருத்தன்தான்.

அவள் என் பின்னால் வந்தாள். முழங்கால் வலி உள்ளவள், ஓட முடியாது. காலை இழுத்து இழுத்து வேகமாக நடந்து வந்து கதவைப் பிடித்து இழுத்தாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள். அவள் தோளில், நனைந்த சேலைக்கு மேலே, அந்தப் பூச்சி உட்கார்ந்திருந்தது.

நான் உள்ளேயிருந்து கையை உயர்த்தி வேண்டாம் என்று காட்டினேன். தலையையும் ஆட்டினேன். “தொறந்தா உள்ள வந்துரும்” என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்காது. ஆனால் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு என் உதட்டு அசைவு போதும். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அந்தப் பூச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் கடந்தைக் குளவி ஒன்று கொட்டி, அவள் முகமெல்லாம் வீங்கி, மூச்சுக்குத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த உடம்புக்குக் குளவி, தேனீ எதுவும் ஆகாது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதும் என்னிடம்தான். சரி டாக்டர், சரி டாக்டர் என்று தலையாட்டியதும் நான்தான்.

அவள் இரண்டாம் முறை தட்டவில்லை. திரும்பிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டாள். பூச்சி தானாகப் பறந்து போயிற்று.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் கையில் போனோடு வந்து கண்ணாடியைத் தட்டினான். அவன் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. “அத்தான், எறங்குங்க. தேனீயும் கலையல, ஒண்ணும் கலையல. அது ஏதோ ஈ. அக்கா மேல உக்காந்திருந்துச்சி, நான் போட்டோகூட எடுத்துட்டேன்.” நான் இறங்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வேறு வழி இல்லாதவன் எப்படிச் சிரிப்பானோ அப்படி.

புறப்படும்போது அவள் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஈரத்துணி மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக இருக்கும் என்று நினைத்தேன். அந்தத் துணியெல்லாம் வீட்டுக்கு வந்து துவைத்து, காய்ந்து, மடித்தும் வைத்தாயிற்று. அவள் முன்னால் வரவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். ‘ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற அண்ணாச்சிக்கு ஈக்கும் தேனீக்கும் வித்தியாசம் தெரியலையாம்’ என்று ஆரம்பித்தார்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஜவுளிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, ஈ ஓட்டுதீங்களா? பாத்து ஓட்டுங்க” என்பார். இன்னொருவர் வந்து, “கடையில ஈ காக்காகூட இல்ல, இன்னைக்கு நிம்மதியா இருக்கலாம்லா” என்பார். தமிழில் ஈயை வைத்து இத்தனை பேச்சு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. பெங்களூரில் இருக்கிற என் மகளும் குடும்பக் குழுவில் ஈ படம் அனுப்பி, பக்கத்தில் ஒரு கார் படமும் போட்டாள். பெற்ற மகளே இப்படி என்றால் ஊரை என்ன சொல்ல?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில், அது தேனீதான் என்று நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தேன். தேனீ என்று ஆகிவிட்டால் நான் ஓடியதில் தப்பில்லை பாருங்கள். மச்சினனிடம் அந்தப் படத்தை வாங்கினேன். சேலைத் துணியும் அதன்மேல் அந்தப் பூச்சியும் மட்டும் தெரிகிற மாதிரி அனுப்பியிருந்தான். பூச்சிப் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லுகிற குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் சேர்ந்து, படத்தைப் போட்டு, ‘இது தேனீதானே?’ என்று கேட்டேன். கேள்வியிலேயே பதிலைத் திணித்திருந்தேன்.

‘ஈ’ என்று பதில் வந்தது. ஒரே எழுத்து.

நான் சண்டைக்குப் போனேன். மஞ்சள் இருக்கிறது, கறுப்பு இருக்கிறது, வயிற்றில் பட்டை இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று எழுதினேன். பதில் சொன்னவர் யாரோ எவரோ, முகம் தெரியாதவர், ஆனால் பொறுமைசாலி. என் படத்திலேயே சின்னச் சின்ன வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். இவை தேனீ மாதிரியே வேஷம் போடுகிற ஈக்கள், ஆங்கிலத்தில் ஹோவர் ஃப்ளை என்பார்கள், பறக்கும்போது அந்தரத்தில் நின்ற இடத்தில் நிற்கும், கொட்டுவதற்குக் கொடுக்கே கிடையாது என்று எழுதியிருந்தார். ‘முதலில் கண்ணைப் பாருங்கள்’ என்று கடைசி வரி. கண்ணாடிக் கடைக்காரனிடம் கண்ணைப் பார் என்கிறார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பார்த்தேன்.

தலை முழுக்கக் கண்தான். அதில் வரிவரியாகக் கோடு. தேனீயின் கண்ணில் அப்படிக் கோடு கிடையாது. தேனீயின் உணர்கொம்பு கை முட்டியை மடக்கிய மாதிரி நீளமாக வளைந்திருக்கும். இதற்கு முகத்தில் இரண்டு கட்டைக் குச்சி, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும். தேனீக்கு இடுப்பு ஒடுங்கும், இதற்கு இடுப்பென்று ஒன்று இல்லை. தேனீயின் பின்காலில் மகரந்தம் உருண்டையாக ஒட்டியிருக்கும், இதன் கால் ஒல்லிக்குச்சி. தேனீக்கு இறக்கை நாலு, ஈக்கு இரண்டு என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் உட்கார்ந்திருக்கிற போட்டோவில் தேனீயின் நாலும் இரண்டாகத்தான் தெரியும், அதனால் இறக்கையை எண்ணி ஏமாறக் கூடாது. இதையெல்லாம் கடையில் இருக்கிற பூதக்கண்ணாடியைக் கம்ப்யூட்டர் திரைமேல் பிடித்துப் பிடித்துப் பார்த்துத்தான் கற்றேன். பூதக்கண்ணாடியைத் திரையில் பிடித்தால் புள்ளிதான் பெரிதாகத் தெரியும் என்பதைக்கூட அப்புறம்தான் கற்றேன்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் பேச்சிலேயே சிக்கல் இருக்கிறது. தேனீ என்கிற பேரில் ஈ இருக்கிறது, ஆனால் அது ஈ இல்லை. இந்தப் பூச்சி ஈ, ஆனால் தேனீயைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடித்து வைத்திருக்கிறது. இதன் புழு வளர்வதோ சாக்கடைத் தண்ணீரில். சாக்கடையில் வளர்ந்துவிட்டு, பெரியதானதும் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு பூவில் வந்து உட்கார்ந்தால் குருவி பயப்படுகிறது, ஓணான் பயப்படுகிறது, நான் பயப்படுகிறேன்.

சரி, ஈ என்று ஆகிவிட்டது. என் கட்சி தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டியதுதானே? நான் அப்படிப்பட்டவன் இல்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற வம்சம். கட்சியை அப்படியே திருப்பிப் போட்டேன். அது ஈ. ஈ கொட்டாது. கொட்டாத பூச்சி தோளில் இருந்த ஒருத்திக்கு ஆபத்து எங்கே இருந்தது? ஆபத்தே இல்லாத இடத்தில் நான் கதவைத் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? இதை எனக்குள் சொல்லிப் பார்த்தபோது நல்ல வக்கீல் பேசுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன்.

“ஏட்டி, அது ஈதானாம். சுத்தமா ஒண்ணும் செய்யாதாம்.”

“ம்” என்றாள்.

அடுத்த வாரம் வட்டம் போட்ட படத்தைக் காட்டினேன். “ம்” என்றாள். அதற்கடுத்து, பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய், கண்ணில் கோட்டைப் பார், கொம்பைப் பார் என்று காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். “அழகாத்தான் இருக்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் கோயிலுக்குப் போகும்போது பின்கதவைத்தான் திறந்தாள்.

ஒருதரம் நேராகவே கேட்டேன். “முன்னால வந்து உக்காரேன். நல்லாவா இருக்கு?”

“இங்கனயே காத்து நல்லா வருது” என்றாள். ஏசி போட்டு, நாலு கண்ணாடியும் ஏற்றியிருக்கிற காரில் என்ன காற்று? நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

வெளியில் என் பேர் மாறிக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்தில் ஆயிரம் படம் பார்த்திருப்பேனோ என்னவோ, குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே வட்டம் போட ஆரம்பித்தேன். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் போனை நீட்டி, “அண்ணாச்சி, எங்க முருங்கை மரத்துல இது மொய்க்குது, தேனீயா பாருங்க” என்பார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “ஈதான், பயப்படாதீங்க” என்பேன். பயப்படாதீங்க என்று நான் சொல்லுகிறேன். எதிர்க்கடையிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ‘ஈயண்ணாச்சி’ என்று கேலியாக வைத்த பேர் மெல்ல மெல்ல மரியாதைப் பேராகவே ஆகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

இந்த வருஷம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்ததும் படம் எடுக்கக் கிளம்பினேன். அவளையும் கூப்பிட்டேன். வந்தாள், பின் இருக்கையில். வயலோரத்தில் கேரளா வண்டிகள் வரிசையாக நின்றன. பூக்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் ஒரு பெண் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டு, “தேனீச்ச, தேனீச்ச” என்று அலறினாள். எனக்கு வாய்த்த நேரம் பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். பூக்களில் நிஜத் தேனீக்களும் இருந்தன, ஆனால் இவள் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்றது நம்முடைய ஆள். கண்ணில் கோடு தெரிந்தது.

“தேனீச்ச அல்ல, ஈச்ச. வெறும் ஈச்ச” என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? வியர்த்திருந்த கையை மெதுவாக நீட்டினேன். வியர்வையின் உப்புக்கு இந்த ஈ வரும் என்று படித்திருக்கிறேன். வந்தது. என் விரலில் உட்கார்ந்து நக்கியது. நான் சிலையாக நின்றேன். அந்தக் குடும்பம் என்னைப் படம் எடுத்தது. அந்தப் பெண்ணும் பயம் போய்ச் சிரித்துவிட்டாள். நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பின் இருக்கையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில் நானே ஆரம்பித்தேன். “பாத்தியா? கையிலயே வந்து உக்காந்துச்சி. நான் அசையவே இல்ல.”

“பாத்தேன்.”

“அன்னைக்கு உன் தோள்ல உக்காந்ததும் இதே ஜாதிதான். அதே கண்ணு, அதே கோடு. பச்சப்பிள்ள மேல உக்காந்தாலும் ஒண்ணும் செய்யாது. உனக்கு அன்னைக்கு ஒரு ஆபத்தும் இல்ல. இத எத்தன தடவ சொல்லுதேன், நீ என்னடான்னா இன்னும் மனசுல வச்சிக்கிட்டு...”

“அது ஈதான். நான் இல்லன்னு சொல்லலையே.” பிறகு, சந்தையில் காய் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். “நீங்க கதவப் பூட்டும்போது அது ஈன்னு உங்களுக்குத் தெரியுமா?”

பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணைச் சாலைக்குத் திருப்பிக்கொண்டேன். “சும்மா வா” என்று ஒரு அதட்டல் போட்டேன். முன்னால் போன ஆட்டுக்கூட்டத்துக்கு ஹாரன் அடித்தேன். ஆடுகள் எப்போதோ ஒதுங்கியிருந்தன. வீடு வரும்வரைக்கும் காது இரண்டும் சுட்டுக்கொண்டே வந்தது.

ஒரு வருஷமாக அந்த ஈயின் கண்ணையும் காலையும் கொம்பையும் இறக்கை நரம்பையும் பார்த்திருக்கிறேன். பூட்டை அழுத்திய விரலைப் பார்க்கவில்லை. அந்த விரலுக்கு அது தேனீ. பிறகு அவள் தோளில் வந்து உட்கார்ந்ததும் கொடுக்குள்ள தேனீதான். கொட்டினால் அவளுக்கு மூச்சு நிற்கும் என்றும் அந்த விரலுக்குத் தெரியும். தெரிந்துதான் அழுத்தியது, தெரிந்துதான் திறக்காமலும் இருந்தது.

மறுநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வட்டம் போடுகிற மனிதரிடமிருந்து செய்தி வந்தது. கண்ணில் கோடு உள்ள இந்த ஈக்களின் படங்களைச் சேர்த்து வைக்கிறாராம். என் முதல் படத்தின் வெட்டாத முழுப் படம் கிடைக்குமா, எந்த மாதிரி இடம் என்று தெரிந்தால் நல்லது என்று கேட்டிருந்தார். வெட்டாத படமா? மச்சினன் எடுத்ததே அவ்வளவுதான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். மச்சினனுக்குப் போன் போட்டேன்.

“முழுப்படம் எதுக்கு அத்தான்?” என்றான். “ஈதான் நல்லாத் தெரியுதுல்லா. அது போதும்.”

“கேட்டா அனுப்புலே. உன்கிட்ட விளக்கம் கேட்டனா?”

அவன் தயங்கினான். “வேண்டாம்னுதான் வெட்டி அனுப்புனேன்” என்றான். இன்னும் ஒரு சத்தம் போட்டேன். அனுப்பிவிட்டான்.

அவளுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்திருக்கிறான். அவள் தோள் தெரிகிறது, தோளில் ஈ. அதற்கு அப்பால் என் கார்க் கண்ணாடி. கண்ணாடிக்கு உள்ளே நான். வாய் திறந்திருக்கிறது, கை பாதி உயர்ந்திருக்கிறது, கண் அவள் தோளிலேயே நிற்கிறது. அதே கண்ணாடியில், என் முகத்துக்குப் பக்கத்தில், வெளியே நிற்கிற அவள் முகம் பிரதிபலித்திருக்கிறது. அன்று நான் பார்க்காமல் விட்ட முகம்.

அதில் பயம் இல்லை. கோபமும் இல்லை. லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பதற்றத்தில் எனக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை, இதோ திறந்துவிடுவேன் என்று நினைத்துக் காத்து நிற்கிற முகம்.

கடையில் ஒரு பெரியவர் கண்ணாடி ஃப்ரேம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாயிருக்கிறதா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். என்னைப் பார்க்க எனக்கே அவமானமாக இருந்தது. கடை முழுக்க எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடி வேறு. வட்டம் போடுகிறவருக்கு முழுப் படம் கைவசம் இல்லை என்று எழுதினேன். மச்சினன் ஊரெல்லாம் சிரித்துச் சொன்ன பயல்தான். ஆனால் இந்த ஒரு படத்தை மட்டும் யாருக்கும் காட்டாமல், எனக்கே காட்டாமல், ஒரு வருஷம் வைத்திருந்திருக்கிறான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அவள் இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை, சோற்றைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“அன்னைக்கு அது தேனீன்னு நெனச்சுத்தான் பூட்டுனேன். உன் மேல உக்காந்திருந்ததையும் பாத்தேன். கொட்டுனா உனக்கு என்ன ஆகும்னும் தெரியும். தெரிஞ்சும் தொறக்கல.”

அவள் ரசக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷமா நீங்க ஈயப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்க” என்றாள். “கதவப் பத்தி எப்பப் பேசுவீங்கன்னு நான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“தப்புதான்” என்றேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் என் வாயிலிருந்து அதிகம் வந்ததில்லை. அவளுக்கும் அது புதிதாக இருந்திருக்கும். ‘பரவாயில்லை’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “சோறு ஆறுது, சாப்பிடுங்க” என்று எழுந்து போய் ரசத்தை எடுத்து வந்தாள்.

அடுத்த வாரம் செங்கோட்டையில் ஒரு கல்யாணம். காலையிலேயே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தினேன். அவள் முன்கதவைத் திறந்தாள். இருக்கையில் கிடந்த குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பின்னால் வைத்தாள். உட்கார்ந்தாள். ஏதாவது பேசிக் கெடுத்துவிடக் கூடாதே என்று ஏசியைப் போட்டேன்.

அவள் பொத்தானை அழுத்தித் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கினாள்.

“சாரல் அடிக்குது. ஏத்திக்கோயேன்” என்றேன்.

“ஏசி ஓடட்டும். கண்ணாடி கீழயே இருக்கட்டும்” என்றாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் போகிறோம். வெயிலானாலும் புழுதியானாலும் அவள் பக்கத்துக் கண்ணாடி ஏறுவதில்லை. நிறுத்தி வைத்திருக்கும்போதும் இறங்கியே இருக்கும். வண்டு வரும், ஈ வரும், வந்து போகும். பட்டு ரவிக்கையின் கை நனைகிறதே என்று நினைப்பேன், சொல்வதில்லை. நேற்று எங்கள் தெரு முனையில் ஜவுளிக்கடைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். முன் இருக்கையில் அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது, ஆனால் வாய் சும்மா இருக்காதே.

“என்ன அண்ணாச்சி, கண்ணாடி ரிப்பேரா? மதினி இப்பிடி நனைஞ்சுக்கிட்டு வாராக.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றேன். “ரிப்பேர்தான்.”